நாலு பேர், ஒரே லைன்: டவுன்லோட்காரர்களோடு இணையத்தைப் பங்குபோட்ட அனுபவம்

திருகோணமலை உவர்மலையில் ஒரு பழைய வீட்டை நாலு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருக்கிறோம். நான் கொழும்பு நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணக்கு வேலை செய்கிறேன். பகல் முழுக்க வீடியோ அழைப்பு, அங்கேயுள்ள கணினியை இங்கிருந்து இயக்குவது என்று போகும். வளாகத்தில் படிக்கும் வவுனியாத் தம்பிக்கு கேம்ஸ் என்றால் உயிர். வங்கியில் வேலை பார்க்கும் மட்டக்களப்பு அண்ணைக்கு, பலர் தங்களுக்குள் கோப்புகளைப் பகிரும் டொரண்ட் ஓடாத நாள் இல்லை. கிண்ணியா நானா கல்யாணப் படம் எடுக்கிறவர். இந்த நாலு பேருக்கும் ஒரே இணைப்பு. முதலில் 4ஜி ரவுட்டர் வைத்திருந்தோம், பிறகு ஃபைபருக்கு மாறினோம்.

சில வருடங்களாக இப்படி ஓட்டிய பிறகு எனக்குத் தெளிவாகத் தெரிவது ஒன்றுதான். இப்படிப்பட்ட வீட்டில் சண்டை வருவதற்கு வேகம் போதாதது பெரும்பாலும் காரணமே இல்லை. ரவுட்டருக்குள் கட்டப்படும் வரிசைதான் காரணம். அதைச் சரிசெய்யாமல் பெக்கேஜை மட்டும் உயர்த்தினால் மாதக் கட்டணம்தான் உயரும்.

4ஜி காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பகல் டேட்டா, இரவு டேட்டா என்று பிரித்துத் தரும் பெக்கேஜ். மாதக் கடைசியில் பகல் டேட்டா தீர்ந்துவிடும், யார் தீர்த்தது என்று விசாரணை நடக்கும். நள்ளிரவு 12 மணிக்கு எல்லாரும் ஒன்றாக டவுன்லோடைத் தட்டிவிடுவோம். 2022 மின்வெட்டுக் காலம் இன்னும் மோசம். மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அந்த நாட்களில் கரண்ட் வந்த நிமிடமே அத்தனை கருவிகளும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். ஒரு மின்னஞ்சல் திறக்கவே பொறுமை வேண்டும்.

ஃபைபர் வந்ததும் அளவுக் கட்டுப்பாடு இல்லாத, ஆனால் வேகம் குறைந்த பெக்கேஜை எடுத்தோம். அளந்து பார்த்தால் இறக்கம் (டவுன்லோட்) செக்கனுக்கு 25 மெகாபிட், அதாவது 25 எம்பிபிஎஸ், ஏற்றம் (அப்லோட்) 10 எம்பிபிஎஸ் அளவில் வரும். இனிப் பிரச்சினை இருக்காது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ஆனால் என் அழைப்புகள் முன்பு போலவே அறுந்தன. முகம் உறைந்து நிற்கும், குரல் துண்டு துண்டாக வரும். பழி எப்போதும் தம்பிமேல்தான். அவன் கேம் இறக்குகிறவன் என்பது ஊரறிந்த விஷயம்.

ஒரு சின்னச் செய்தி போய்ப் பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கும் பிங் கட்டளையை ஒரு பின்னேரம் கறுப்புத் திரையில் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். 28, 31, 29 மில்லிசெக்கன்ட் என்று வரிவரியாக ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. திடீரென்று 340. அடுத்தது 910. பிறகு பதிலே இல்லை. தம்பி அப்போது வீட்டிலேயே இல்லை, அண்ணை வங்கியில். பின் அறைக் கதவைத் தட்டி, "நானா, இப்ப ஏதாவது ஏத்துறீங்களா?" என்று கேட்டேன். "ஓம் தம்பி, மூதூர்க் கல்யாணப் படம் ட்ரைவுக்குப் போகுது. ஏன், இழுக்குதா?" என்றார். அவர் நிறுத்தினார். அடுத்த வரியே 30.

டவுன்லோட்காரர்களைத்தான் எல்லாரும் திட்டுவோம், அப்லோட்டை யாரும் கவனிப்பதில்லை. கணக்குப் போட்டால் விளங்கும். 100 ஜிபி கேம் ஒன்று 25 எம்பிபிஎஸ்ஸில் இறங்க ஏறத்தாழ 9 மணித்தியாலம் வேண்டும். நானாவின் 64 ஜிபி கார்டு ஒன்று 10 எம்பிபிஎஸ்ஸில் ஏற 14 மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். அந்த நேரம் முழுக்க ஏற்றப் பாதை நிரம்பிக் கிடக்கும். நாம் எதையாவது இறக்கும்போதும், 'வந்து சேர்ந்தது' என்ற சின்னச் சின்ன ஒப்புகைகள் அதே பாதையால்தான் வெளியே போகவேண்டும். அவை தாமதித்தால் இறக்கமும் படுத்துவிடும். டொரண்டும் இதே வேலையைத்தான் செய்யும். இறக்கிக்கொண்டே மற்றவர்களுக்கு ஏற்றவும் செய்யும். விண்டோஸ்கூட, அமைப்பில் அனுமதித்திருந்தால், தான் இறக்கிய அப்டேட்டை இணையத்தில் உள்ள வேறு கணினிகளுக்குப் பகிரும்.

வரிசை என்று சொன்னேனே, அது இதுதான். 2009 இல் பாலம் திறக்கும் முன் கிண்ணியாத் துறையில் பாதைக்கு, அதாவது வாகனம் ஏற்றும் படகுக்கு, காத்து நின்றவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முன்னால் நிற்கும் லொறிகளுக்குப் பின்னால் ஒரு சைக்கிள்காரரையும் நிறுத்திவைத்தால் அவர் எப்போது அக்கரை சேர்வார்? பெரிய கோப்பைத் துண்டு துண்டாக்கி அனுப்பும் பொதிகள்தான் லொறிகள், அழைப்பில் நம் குரல் சைக்கிள். மலிவான ரவுட்டர்கள் எதையும் தவறவிடக்கூடாது என்று பெரிய சேமிப்பிடம் வைத்து எல்லாவற்றையும் ஒரே வரிசையில் அடுக்கும். வரிசை நீள நீளத் தாமதம் ஏறும். குரல் அழைப்புக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லிசெக்கன்டுக்குள் இருப்பது நல்லது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் (ஐடியு) பரிந்துரைக்கிறது. எங்கள் வீட்டில் நிலைமை என்னவென்று மேலே பார்த்தீர்கள்.

பஃபர்புளோட் என்ற பெயரில் இதை ஜிம் கெட்டிஸ் என்ற மென்பொருளாளர் 2010 வாக்கில் பேசத் தொடங்கினார். 2012 இல் வலையமைப்பு ஆய்வாளர்களான கத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். ஒரு பொதி வரிசையில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்து, அது அளவு மீறினால் சிலவற்றைத் தவறவிட்டு, அனுப்புகிறவரை மெதுவாக்குவது அது. அதன் வழியில் வந்த கேக் என்ற நிரல் 2018 இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குள் சேர்ந்தது. ஓப்பன்-டபிள்யுஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருளைப் போடக்கூடிய பெரும்பாலான ரவுட்டர்களில், வரிசையை நிர்வகிக்கும் எஸ்கியூஎம் என்ற பகுதியை நிறுவி இதை இலவசமாகப் பாவிக்கலாம்.

நாங்கள் அப்படித்தான் செய்தோம். இணைப்புத் தந்தவர்களின் பெட்டியை அப்படியே விட்டு, அதன் பின்னால் எங்கள் ரவுட்டரை வைத்தோம். நாலு பேரும் அதில்தான் இணைவது. வேகத்தை வேண்டுமென்றே கொஞ்சம் குறைத்து, இறக்கம் 22, ஏற்றம் 9 என்று கொடுத்தோம். இது முக்கியம். நம் ரவுட்டரே குறுகிய இடமாக இருந்தால்தான் வரிசை நம் கையில் இருக்கும். வேகத்தை இழக்கிறோமே என்று அண்ணைக்கு மனவருத்தம். அன்றிரவே அவர் டொரண்டையும், நானா அப்லோட்டையும் ஓடவிட்டார்கள். பிங் 40, 45 என்று நின்றது. நான் அம்மாவோடு வீடியோவில் கதைத்து முடித்தேன், ஒரு தடங்கலும் இல்லை.

கேக்கில் எனக்கு மிகவும் பிடித்தது ஆளுக்கு ஆள் பங்கிடும் வசதி. டொரண்ட் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான தொடர்புகளைத் திறக்கும். சாதாரண ரவுட்டரில் தொடர்பின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பங்கு போகும், அதனால் டொரண்ட்காரருக்குத்தான் முக்கால்வாசியும். கேக்கில் அதற்கான தெரிவைப் போட்டுவிட்டால் கருவிக்குக் கருவி சமபங்கு. மற்றவர்கள் சும்மா இருந்தால் முழு வேகமும் ஓடுகிறவருக்கே கிடைக்கும். யாரையும் நிறுத்தச் சொல்லத் தேவையில்லை என்பதால் வீட்டில் கதவு தட்டுவதே குறைந்துவிட்டது.

சில வேலைகள் ரவுட்டருக்கு வெளியேதான் நடந்தன. நானாவின் பின் அறைக்கு வைஃபை சரியாகப் போகாது, பழைய வீட்டுச் சுவர்கள் அப்படித் தடிப்பு. சிக்னல் குறைந்த கருவி மெதுவாகக் கதைத்து மற்றவர்களின் வானலை நேரத்தையும் தின்னும், அதைக் கேக்கால் தீர்க்க முடியாது. கூரையோரமாக ஒரு லேன் கேபிள் இழுத்தோம், தீர்ந்தது. தம்பி, கேம் வாங்கி இறக்கும் ஸ்டீம் செயலியில் டவுன்லோட் நேரத்தை இரவுக்கு மாற்றிவைத்தான். அவனும் அண்ணையும் ஒரே கேமை விளையாடுவதால், 2023 இல் ஸ்டீமில் வந்த வசதியைப் பாவித்து ஒருவர் இறக்கியதை மற்றவர் வீட்டு வலையமைப்பு வழியாகவே எடுத்துக்கொள்கிறார்கள். வெளி இணைப்பில் ஒரு தடவைதான் சுமை.

காசை நாலாகப் பிரிக்கிறோம். அதிகம் இறக்குகிறவர் அதிகம் கட்டட்டும் என்ற பேச்சு முன்பு இருந்தது. அளவுக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் அதில் நியாயம் இருந்தது. இப்போது இல்லை என்பது என் கருத்து. ஒருவர் ஓடவிடுவதால் இன்னொருவருக்கு இடைஞ்சல் இல்லையென்றால் எதற்குக் கணக்கு?

குறைகளும் உண்டு. இதே முறையைப் பழைய 4ஜி இணைப்பிலும் போட்டுப் பார்த்தோம், திருப்தி இல்லை. அங்கே வேகம் மணிக்கு மணி மாறும், நாம் கொடுக்கும் எண் காலையில் சரியாகவும் மாலையில் பிழையாகவும் இருக்கும். ஃபைபரிலும் சில இரவுகளில் வீட்டில் எதுவும் ஓடாதபோதே இழுக்கும். அப்படியான நேரம் நான் முதலில் ரவுட்டருக்கும் அடுத்து வெளியேயும் பிங் போட்டுப் பார்ப்பேன். ரவுட்டர்வரை சரியாக இருந்து வெளியே மட்டும் ஏறினால் கோளாறு வெளியில், தம்பியைக் கூப்பிடத் தேவையில்லை.

இப்போது நானா, ஏற்ற வேகம் கூடிய பெக்கேஜுக்கு மாறுவோம், கூடுதல் தொகையை நானே தருகிறேன் என்கிறார். அவருடைய தொழிலுக்கு அது தேவைதான், நான் சம்மதம். ஆனால் ஒரு விஷயத்தை முதலில் பார்க்கவேண்டும். எஸ்கியூஎம் போட்டால் ஒவ்வொரு பொதியையும் ரவுட்டரின் செயலிதான் கையாளும், செயலியின் சுமையைக் குறைக்கும் வன்பொருள் உதவியை அணைக்கவேண்டி வரும். 25 எம்பிபிஎஸ்ஸுக்கு எங்கள் சின்ன ரவுட்டர் தாராளம். 100 எம்பிபிஎஸ் என்று வந்தால் தாங்குமா என்று சோதித்துவிட்டு, தேவைப்பட்டால் புது ரவுட்டர் விலையையும் சேர்த்துக் கணக்குப் பார்த்து, அப்புறம்தான் மாறுவது என்று பேசி வைத்திருக்கிறோம்.