ஆவணில கல்யாணம், கரீபியன்ல ஹனிமூன்: செயின்ட் லூசியாவா, டர்க்ஸா, அருபாவா?

எங்க லிஸ்ட்ல கடைசி வரைக்கும் தாக்குப்பிடிச்சது மூணு இடம். செயின்ட் லூசியால ஜேட் மவுண்டன்னு ஒரு ரிசார்ட், டர்க்ஸ் அண்ட் கேகோஸ்ல கிரேஸ் பே பீச் மேல இருக்கற ரிசார்ட் ஏதாவது ஒண்ணு, அருபால ஈகிள் பீச்ல இருக்கற புகூட்டி அண்ட் தாரா. நாங்க போனது அருபா. அதனால நான் எந்தப் பக்கம் சாய்வேன்னு இப்பவே தெரிஞ்சிருக்கும், மறைச்சு வச்சு கடைசில சொல்ற அளவுக்கு இதுல சஸ்பென்ஸ் ஒண்ணும் இல்லை.

கடல் நீலமா இருக்குமா, ஸ்பா இருக்கா, கட்டில்ல பூ தூவி வைப்பாங்களா, பீச்ல கேண்டில் வச்சு டின்னர் போடுவாங்களா, இதெல்லாம் மூணு இடத்துலயும் உண்டு, காசு கொடுத்தா எல்லாம் நடக்கும், அதுல டைம் வேஸ்ட் பண்ண வேண்டாம். நாங்க இருக்கறது நியூ ஜெர்சி, இங்கேர்ந்து மூணுக்குமே நாலு அஞ்சு மணி நேரத்துக்குள்ள பறந்துடலாம், அதுலயும் பெரிய வித்தியாசம் இல்லை.

அழகுன்னு மட்டும் பார்த்தா செயின்ட் லூசியா பக்கத்துல மத்த ரெண்டும் நிக்கவே முடியாது, அதை முதல்லயே ஒத்துக்கறேன். க்ரோ பிட்டான், பெட்டி பிட்டான்னு ரெண்டு எரிமலைச் சிகரம் கடலோரத்துலேர்ந்து செங்குத்தா எழும்பி நிக்குது, 2004ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடம்னு அறிவிச்சது. ஜேட் மவுண்டன்ல ரூமுக்கு நாலாவது சுவரே கிடையாது, பெரும்பாலான ரூம்ல உள்ளயே ஒரு நீச்சல் குளம், அது முடியற இடத்துல எதிர்ல அந்த ரெண்டு மலையும்தான். டிவி இல்லை. ஒவ்வொரு ரூமுக்கும் தனியா ஒரு பாலம் போட்டு வச்சிருக்காங்க, யார் முகத்துலயும் முழிக்காம இருந்துக்கலாம். வாடகை ஒரு ராத்திரிக்கு ஆயிரம் டாலரைத் தாண்டிதான் ஆரம்பிக்கும். அதே மாதிரி திறந்த சுவரோட, ஆனா பீச் இல்லாம மலை முகட்டுல லடேரான்னு ஒண்ணு இருக்கு, அதையும் பார்த்து வைங்க.

நான் அங்க போனதில்லை, என் பெரியம்மா பொண்ணு போனா, அவ சொன்னதை வச்சுதான் சொல்றேன். சுவர் இல்லாத ரூம்னா காத்து மட்டும் இல்லை, ராத்திரி பூரா தவளைச் சத்தம், காலைல சர்க்கரை தேடி வர்ற குருவி, சாரல் எல்லாமே சேர்ந்துதான் வரும், கட்டிலைச் சுத்தி கொசுவலை இருக்கும். அவளுக்கு அது ரொம்பப் பிடிச்சது, அவ வீட்டுக்காரருக்குத் தூக்கமே வரலையாம். பெரிய ஏர்போர்ட் தீவோட தெக்குக் கடைசில இருக்கு, அங்கேர்ந்து ஜேட் மவுண்டன் இருக்கற சூஃப்ரியேர் வரைக்கும் ஒரு மணி நேரம் கொடைக்கானல் ஏர்ற மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போற ரோடு. அந்தப் பக்கத்து மணல் எரிமலை மணல், சாம்பல் கலர்ல இருக்கும். ரெண்டு பிட்டானுக்கும் நடுவுல இருக்கற சுகர் பீச் ரிசார்ட்ல தெரியற வெள்ளை மணல் வெளிலேர்ந்து கொண்டு வந்து கொட்டினது.

டர்க்ஸ் அண்ட் கேகோஸ் இதுக்கு நேர் எதிர். தட்டையான சுண்ணாம்புக்கல் தீவு, மலையும் கிடையாது ஆறும் கிடையாது. ஆறு இல்லாததாலதான் மண்ணு கரைஞ்சு கடலுக்கு வர்றதில்லை, தண்ணி அப்படி கண்ணாடியா இருக்கறதுக்கு அது ஒரு முக்கியக் காரணம். கிரேஸ் பேக்கு எதிர்ல பவளப்பாறை அரண் இருக்கறதால பெரிய அலையும் உள்ள வராது, நீச்சல் அரைகுறையா தெரிஞ்சவங்களுக்கு இதை விட நல்ல கடல் கிடைக்காது. ஆனா பில்லு! ரூம் ரேட் மேல 12 சதவீதம் அரசாங்க வரி, அது போக சர்வீஸ் சார்ஜ்னு பொதுவா 10 சதவீதம், ஆயிரம்னு போட்டிருந்தா கைல 1,220 இருக்கணும். ஹோட்டல்ல சாப்பிட்டாலும் இதே கணக்குதான். சாப்பாட்டுச் சாமான் பெரும்பாலும் கப்பல்ல வர்றது, அதனால அடிப்படை விலையே ஜாஸ்தி. ஆபீஸ்ல கூட வேலை பார்க்கறவர் ஒருத்தர் போயிட்டு வந்து கடலைப் பத்தி பாதி நேரமும் பில்லைப் பத்தி மீதி நேரமும் பேசினார்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். எங்களை முடிவெடுக்க வச்சது ரிசார்ட்டே இல்லை, மாசம்தான். முகூர்த்தம் ஆவணில, ஊர்ல. ஆடி முடியற வரைக்கும் பெரியவங்க தேதி பார்க்க மாட்டாங்க, புரட்டாசில கல்யாணம் கிடையாது, அதனால எங்களை மாதிரி நிறைய பேருக்கு ஆவணிதான் சிக்கும், கல்யாணம் முடிச்சு அமெரிக்கா திரும்பி மிச்ச லீவுல ஹனிமூன்னு போனா அது சரியா செப்டம்பர்ல வந்து விழும். அட்லாண்டிக் புயல் சீசன் ஜூன் 1லேர்ந்து நவம்பர் 30 வரைக்கும், அதுல உச்சம் செப்டம்பர் 10ஐ ஒட்டி. அதாவது நம்ம பஞ்சாங்கம் கொடுக்கற தேதியும் புயலோட உச்சமும் கிட்டத்தட்ட ஒண்ணா வருது. ஹனிமூன் பேக்கேஜ் விக்கறவங்க ஒருத்தர் கூட இதை எங்ககிட்ட சொல்லலை, செப்டம்பர்ல பாருங்க எவ்வளவு ஆஃபர்னுதான் சொன்னாங்க. ஆஃபர் சும்மா வரலை.

டர்க்ஸை 2017 செப்டம்பர்ல இர்மா புயல் அடிச்சது, 2022 செப்டம்பர்ல ஃபியோனா. செயின்ட் லூசியால 2010 அக்டோபர் கடைசில தோமஸ் வந்தப்ப சூஃப்ரியேர் பக்கம் மலைச்சரிவு பெரிய நாசம் பண்ணுச்சு. எல்லா வருஷமும் இப்படி ஆகாது, பெரும்பாலான செப்டம்பர்ல ஒண்ணும் நடக்காமலே போயிடும், இதை வச்சு பயமுறுத்த வரலை. ஆனா புயலே வரலைன்னாலும் செயின்ட் லூசியால ஆகஸ்ட்லேர்ந்து நவம்பர் வரைக்கும்தான் நல்ல மழைக்காலம், சுவர் இல்லாத ரூமை மழைக்காலத்துல எடுக்கறது அவங்கவங்க இஷ்டம். இன்னொண்ணு, கூட்டம் இல்லாத அந்த மாசங்கள்லதான் நிறைய ரிசார்ட்டும் ரெஸ்டாரண்ட்டும் வருஷாந்திர ரிப்பேருக்கு மூடுவாங்க, புக் பண்றதுக்கு முன்னாடி நீச்சல் குளம் திறந்திருக்கா, எத்தனை ரெஸ்டாரண்ட் நடக்குதுன்னு மெயில் போட்டு எழுத்துல வாங்கிக்கோங்க.

இன்ஷூரன்ஸ் போட்டா போச்சுன்னு நினைப்பீங்க, நாங்களும் அப்படித்தான் ஆரம்பிச்சோம், இவர் உக்காந்து பாலிசியை வரி வரியா படிச்சார். புயலுக்குப் பேர் வச்சதுக்கு அப்புறம் வாங்கற பாலிசி அந்தப் புயலுக்குச் செல்லாது. முன்னாடியே வாங்கியிருந்தாலும் ஃப்ளைட் கேன்சல் ஆகணும், இல்லை ஹோட்டல் தங்க முடியாத நிலைக்குப் போகணும், இந்த மாதிரி ஒரு காரணம் நடந்தாதான் காசு. "புயல் வரும்னு சொல்றாங்க, பயமா இருக்கு, போகலை"ன்னா ஒரு பைசா தேறாது. அஞ்சு நாளும் மழை பெஞ்சு ரூம்லயே கிடந்தீங்கன்னா அதுக்கும் கிடையாது. எந்தக் காரணத்துக்கும் கேன்சல் பண்ணிக்கலாம்னு ஒரு வகை இருக்கு, அதுக்குப் பிரீமியம் அதிகம், முதல் பணம் கட்டின ரெண்டு மூணு வாரத்துக்குள்ளயே எடுத்தாகணும், அப்பவும் போட்ட பணத்துல பாதிலேர்ந்து முக்கால்வாசிதான் திரும்பி வரும். ஜேட் மவுண்டன் ரேட்டுக்கு இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தப்ப, பிரீமியமே அருபால ஒரு ராத்திரி வாடகை கிட்ட வந்து நின்னுச்சு.

அருபா வந்தது இந்த இடத்துலதான். வெனிசுவேலா கரைலேர்ந்து 30 கிலோமீட்டருக்குள்ள இருக்கு, புயல் வழக்கமா போற பாதைக்குக் கீழ. தெக்க இருந்தா போதும்னு நினைச்சுடாதீங்க, கிரெனடாவும் கிட்டத்தட்ட அதே அட்சரேகைதான், அதை 2004ல ஐவன் புரட்டிப் போட்டது, 2024 ஜூலைல பெரில் வந்து அதோட சேர்ந்த காரியாகூ தீவைத் தரைமட்டமாக்கிட்டுப் போச்சு. கிரெனடா கிழக்கு ஓரத்துல, அட்லாண்டிக்லேர்ந்து வர்றதை முதல்ல வாங்கற இடத்துல இருக்கு. அருபா மேக்க தள்ளி, தென் அமெரிக்காவை ஒட்டி இருக்கு. நூத்துக்கு நூறு பாதுகாப்புன்னு யாரும் எழுதித் தர முடியாது, 2007ல ஃபெலிக்ஸ் வடக்கால உரசிட்டுப் போச்சு. ஆனா அபாயம் எவ்வளவோ கம்மி. மழையும் ரொம்பக் கம்மி, கள்ளிச்செடி வளர்ற ஊர். நேரடி ஃப்ளைட் கிடைச்சதும் பெரிய நிம்மதி, ஏன்னா மயாமி வழியா போற டிக்கெட்னா புயல் உங்க தீவுக்கு வர வேண்டாம், ஃப்ளோரிடா பக்கம் போனாலே உங்க பிளான் காலி.

சார்காசம் பாசி விஷயத்தையும் இதோட சேர்த்துப் பாருங்க. 2011லேர்ந்து அட்லாண்டிக்ல பழுப்புப் பாசி திட்டுத் திட்டா மிதந்து வந்து கரீபியன் கரைல ஒதுங்குது, அழுகினா அழுகின முட்டை நாத்தம். வசந்த காலத்துலேர்ந்து கோடை முடியற வரைக்கும் அதிகம். பொதுவா கிழக்கு பார்த்த கரைக்குத்தான் அடி, மேற்கு பார்த்த கரை பெரும்பாலும் தப்பிச்சுக்கும். அதனால எந்தத் தீவா இருந்தாலும் மேப்பைத் திறந்து ரிசார்ட் எந்தத் திசையைப் பார்த்து நிக்குதுன்னு பாருங்க, ஈகிள் பீச் மேற்கு பார்த்தது. கிழக்கு பார்த்த கரைல இருக்கற புன்டா கானா, துலும் மாதிரி ஊர்ல கிடைக்கற சீப்பான பேக்கேஜைப் பார்த்து ஆசைப்படறவங்க இதை ரெண்டு தடவை படிங்க.

சரி, அருபா எப்படி இருந்துச்சு? காத்து. எப்பவும் காத்து. ஃபோஃபோத்தி மரம்னு பீச்ல ரெண்டு நிக்கும், காத்து அடிச்சு அடிச்சு உடம்பு மொத்தமும் ஒரே பக்கம் சாஞ்சு போன மரம், எல்லாரும் அதுகிட்ட நின்னு போட்டோ எடுப்பாங்க. பீச் டின்னர்ல சாலட் தட்டுல இருந்த இலை எழும்பிப் பக்கத்து டேபிள்காரர் மடில போய் விழுந்துச்சு, அவர் சிரிச்சுக்கிட்டே அதை எடுத்து வாயில போட்டுக்கிட்டார். தலைமுடி அலங்காரம் எல்லாம் மறந்துடுங்க. ஆனா அந்தக் காத்து இல்லைன்னா செப்டம்பர் வெயிலைத் தாங்க முடியாது.

புகூட்டி பெரியவங்களுக்கு மட்டும், குழந்தைங்களுக்கு அனுமதி இல்லை, பக்கத்து பாம் பீச் மாதிரி வரிசையா உயரமான ஹோட்டல் அந்தப் பக்கம் கிடையாது. பிளாஸ்டிக் பாட்டிலுக்குப் பதிலா நிரப்பிக்கற பாட்டில்தான். குழாய்த் தண்ணியே கடல் தண்ணியைச் சுத்திகரிச்சு வர்றது, அப்படியே பிடிச்சுக் குடிக்கலாம், நான் முதல் நாள் நம்பாம கடைல தண்ணி வாங்கினேன், அப்புறம் விட்டுட்டேன். பீச்ல அங்கங்க சின்னதா வேலி போட்டு வச்சிருப்பாங்க, உள்ள வெறும் மணல்தான் தெரியும், ஆமை முட்டை அதுக்கடில இருக்கு. கடைசி கடைசி முட்டை பொரியற சமயம் அது. வாடகை, நாங்க பார்த்த தேதிகளுக்கு, ஜேட் மவுண்டன்ல பாதிகூட வரலை.

குறையும் சொல்லணும்ல. அருவி, பச்சை மலை, மழைக்காடு எதிர்பார்த்துப் போகாதீங்க, வறண்ட பூமி. அருபால பீச் எல்லாமே பொதுச் சொத்து, யார் வேணா நடந்து போவாங்க, நம்ம ரெண்டு பேருக்கு மட்டும்னு ஒரு கடல் கிடைக்காது. சொகுசுல ஜேட் மவுண்டனோட இதை வச்சுப் பேசவே முடியாது, அது வேற ரகம்.

சாப்பாட்டுல சைவம்னா செயின்ட் லூசியாதான் ஜெயிக்கும்னு நினைக்கறேன், தஷீன்னு அவங்க சொல்றது நம்ம சேப்பங்கிழங்கு, ஈரப்பலா இருக்கு, வாழைக்காய் இருக்கு, மண்ணு நல்ல மண்ணு. அருபால நல்ல ரெஸ்டாரண்ட் நிறைய, ஆனா உள்ளூர்ச் சாப்பாடு கறி, மீன், சீஸ்னுதான் போகும். நாங்க ரெண்டு பேரும் எல்லாம் சாப்பிடறவங்க, அதனால கஷ்டம் தெரியலை.

உங்க முகூர்த்தம் வேற மாசத்துலன்னா என் சிபாரிசும் மாறும். தைல கல்யாணம்னா யோசிக்காம செயின்ட் லூசியா, காய்ஞ்ச காலம், மலை தெளிவா தெரியும், ரேட்தான் உச்சத்துல இருக்கும். கார்த்திகை முகூர்த்தம் கிடைச்சவங்க அதிர்ஷ்டசாலிங்க, டிசம்பர் முதல் பாதில புயல் சீசன் முடிஞ்சிருக்கும், கிறிஸ்துமஸ் ரேட் ஆரம்பிச்சிருக்காது, டர்க்ஸுக்கு அதுதான் சரியான சமயம். மார்கழில நமக்குக் கல்யாணம் இல்லாததும் நல்லதுக்குத்தான், கிறிஸ்துமஸ் நியூ இயர் வாரத்துல கரீபியன்ல விலை கேட்டா தலை சுத்தும். வைகாசின்னா விலை இறங்கியிருக்கும், ஆனா பாசி வந்திருக்கும், மேற்கு பார்த்த கரையா எடுங்க.

கடைசியா பேப்பர் வேலை. இந்தியன் பாஸ்போர்ட் இருந்தாலும் கிரீன் கார்டோ, செல்லுபடியாகற மல்டிபிள் என்ட்ரி அமெரிக்க விசாவோ இருந்தா அருபாக்குத் தனி விசா வேண்டாம், போறதுக்கு முன்னாடி ஆன்லைன்ல ஈடி கார்டு, அதாவது தீவுக்குள்ள நுழையறதுக்கான படிவம், போட்டுடணும். மத்த ரெண்டு தீவுக்கும் ரூல் வேற வேற, டிக்கெட் போடறதுக்கு முன்னாடி பாருங்க. திரும்பி வர்றப்ப அமெரிக்க இமிக்ரேஷனை அருபா ஏர்போர்ட்லயே முடிச்சுடுவாங்க, நியூவர்க்ல இறங்கி உள்நாட்டு ஃப்ளைட்ல வந்தவங்க மாதிரி நடந்து வெளிய வந்துடலாம், ஆனா அங்க லைன் நீளம், மூணு மணி நேரம் முன்னாடியே போயிடுங்க. டாக்ஸில மீட்டர் கிடையாது, இடத்துக்கு இடம் இவ்வளவுன்னு அரசாங்க ரேட், ஏறும்போதே கேட்டுக்கலாம்.