80 என்று எழுதிய ஈட்டி 80 மீட்டர் போகாது: பினாங்கில் ஒரு 700 கிராம் ஈட்டியோடு சில வருடங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளியிலோ கிளப்பிலோ ஈட்டி எறியும் பிள்ளைக்கு முதல் ஈட்டி வாங்கப் போகிறீர்கள் என்றால், அதன் உடம்பில் அச்சடித்திருக்கும் மீட்டர் கணக்கைப் பார்த்து மயங்காதீர்கள். கடையில் இருப்பதிலேயே சின்ன எண்ணாகப் பார்த்து எடுங்கள். விற்பவர் வேறு மாதிரி சொன்னாலும் பரவாயில்லை.

எங்கள் வீட்டு ஈட்டி 700 கிராம், அலுமினியம், '60' என்று போட்டது. அது எனக்கும் மகனுக்கும் பொது. 18 வயதுக்குட்பட்ட ஆண்பிள்ளைகளுக்கு உலகத் தடகள விதிப்படி 700 கிராம். மூத்தோர் பிரிவில் 50 முதல் 59 வயது ஆண்களுக்கும் அதே 700தான். பெரியவர்களின் 800 கிராமை அவன் இன்னும் தொடவில்லை, நான் இனி தொடப்போவதில்லை. இந்த இடைவெளியில் ஒரே ஈட்டியை வைத்து இரண்டு பேர் காலம் தள்ளுகிறோம். வார நாளில் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளித் திடல், வாய்ப்புக் கிடைத்தால் ஓடுதளம் உள்ள அரங்கம், போட்டி என்றால் பெரும்பாலும் பாலம் தாண்டி பத்து காவான் பக்கம்.

கிளப்பில் இன்னொரு 700 இருக்கிறது. அது '80'. பார்க்க அழகு, தொட்டால் விறைப்பு. இரண்டையும் மாற்றி மாற்றி எறிந்து பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

அந்த எண் என்ன என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். ஒரு மாலை, புதிதாகச் சேர்ந்த பையனின் அப்பா என்னிடம் கேட்டார்: "அண்ணே, இந்த 80-ஐ எடுத்துக் கொடுத்தா தம்பிக்குக் கொஞ்சம் கூடப் போகுமா?" போகாது. அது எவ்வளவு தூரம் எறிபவருக்காகச் செய்தது என்பதைச் சொல்லும் எண், அவ்வளவுதான். எண் ஏற ஏறத் தண்டின் விறைப்பும் ஏறும். 75, 80 மீட்டர் எறிகிறவனின் வேகத்தில் வளைகிற தண்டு அதிர்ந்து அதிர்ந்து வேகத்தைத் தின்றுவிடும் என்பதால் அவனுக்கு விறைப்பானது வேண்டும். 40 மீட்டர் எறிகிற பிள்ளைக்கு அந்த வேகமும் இல்லை, ஈட்டியின் முனை வழியாகவே முழு விசையையும் செலுத்தும் சுத்தமும் இன்னும் வரவில்லை. கை கொஞ்சம் பக்கவாட்டில் போனாலும் விறைப்பான ஈட்டி மன்னிக்காது.

இதைப் புல்லில் பார்க்கலாம். மகன் 60-ஐ எறிந்தால் பெரும்பாலும் முனை குத்தி, சாய்வாக நிற்கும். பிடுங்கினால் மண்ணில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. 80-ஐ எறிந்த நாட்களில், கையை விட்டதுமே வால் படபடவென்று ஆடுவது தெரியும். முனை மேலே பார்த்தபடியே போய், கடைசியில் படுத்துக்கொண்டு விழும். புல்லில் துளை இருக்காது, நீளமாக ஒரு சிராய்ப்பு மட்டும் இருக்கும். போட்டியில் அதற்குச் சிவப்புக் கொடிதான். உலோகத் தலை மற்ற பாகங்களுக்கு முன்பாகத் தரையைத் தொட வேண்டும் என்பது விதி. அளவு நாடாவை எடுக்கவே மாட்டார்கள்.

இந்தப் படுத்து விழும் தொல்லை உலகத்துக்கே ஒரு காலத்தில் இருந்தது. 1984-இல் கிழக்கு ஜெர்மனியின் ஊவே ஹோன் 104.80 மீட்டர் எறிந்தார். அரங்கத்தின் மறுகோடியில் இருப்பவர்களுக்கு ஆபத்து ஒரு பக்கம், ஈட்டி முனை குத்தியதா படுத்ததா என்று நடுவர்களுக்குள் தகராறு ஒரு பக்கம். 1986-இல் ஆண்கள் ஈட்டியின் எடை மையத்தை 4 செண்டிமீட்டர் முன்னே தள்ளி, மூக்கு சீக்கிரம் கீழே திரும்பும்படி செய்தார்கள். பிறகு ஈட்டி செய்பவர்கள் வாலைச் சொரசொரப்பாக்கித் தூரம் தேடினார்கள். 1991-இல் அதற்கும் தடை வந்தது, பின்லாந்தின் செப்போ ராட்டி எறிந்த 96.96 மீட்டர் சாதனைப் பட்டியலிலிருந்து போயிற்று. புதிய ஈட்டிக்கான உலகச் சாதனை 1996-இல் செக் நாட்டின் யான் செலெஸ்னி எறிந்த 98.48. அத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொண்டு மூக்கைக் கீழே திருப்பியிருக்கிறார்கள். நாம் பிள்ளைக்குப் பொருந்தாத ஈட்டியைக் கொடுத்து மறுபடியும் மேலே திருப்புகிறோம்.

60-க்கும் குறை இல்லாமல் இல்லை. மகனின் எறி சுத்தமாக விழ ஆரம்பித்த பிறகு, நல்ல எறியில் தண்டு நடுங்குவது கைப்பேசியில் மெதுவாக ஓட்டிப் பார்த்தால் தெரிகிறது. அவனுக்கு இனி ஒரு படி விறைப்பானது வேண்டும். எனக்கு இதுவே அதிகம்.

நம் ஊர் ஈரம் ஈட்டிக்கு ஆகாது. தண்டுக்கு ஒன்றும் ஆவதில்லை, அலுமினியம் தாங்கிவிடுகிறது. அடிபடுவது கயிற்றுப் பிடியும் உலோகத் தலையும். வியர்வையோடு பிடித்து, மழையில் நனைந்து, அப்படியே குழாய்க்குள் போட்டு மூடிவைத்தால் கயிறு கறுத்து, பிசுபிசுத்து, ஒரு வாடை வரும். வீட்டில் மின்விசிறிக்குக் கீழே குறுக்கே வைத்துக் காயவிடுகிறோம். மனைவிக்கு அதில் கொஞ்சமும் மகிழ்ச்சி இல்லை. முனையில் துரு பிடிப்பதைத் தடுக்கத் துடைத்துவிட்டு லேசாக எண்ணெய் தொட்டு வைத்தால் போதும். கைக்குச் சாக்பீஸ் மாதிரியான மெக்னீசியம் பொடி பூசிக்கொள்ள விதியில் இடம் உண்டு, கையுறைக்கு இல்லை. ஐந்து மணிக் காற்றில் இந்தப் பொடி இல்லாமல் எறிவது வீண்.

பிடுங்கும் முறையைக் கிளப்பில் முதல் நாளே சொல்லித் தரவேண்டும். போன வழியிலேயே, நேர் பின்னாக இழுக்க வேண்டும். பிள்ளைகள் வாலைப் பிடித்துக் கீழ்நோக்கி அழுத்துகிறார்கள், கடப்பாரை என்று நினைப்பு. மழை இல்லாத வாரத்தில் திடல் இறுகிக் கிடக்கும்போது அப்படிச் செய்தால் தண்டு கோணிவிடும். கோணிய ஈட்டியை நிமிர்த்த முயற்சி செய்யாதீர்கள். சாப்பாட்டு மேசையில் உருட்டிப் பார்த்தால் கோணல் உடனே தெரியும்: முனை வட்டம் போடும்.

ஏற்றிச் செல்வது தனிக் கதை. 700 கிராம் ஈட்டியின் நீளம் 230 முதல் 240 செண்டிமீட்டர். எங்கள் மைவி காடியில் முன் இருக்கையின் கால் வைக்கும் இடத்திலிருந்து பின் கண்ணாடி வரை சாய்த்து வைத்தால் அடங்குகிறது. முன்னால் யாரும் உட்கார முடியாது, அவ்வளவுதான். இரும்புக்கடையில் பிவிசி குழாய் வாங்கி, இரண்டு பக்கமும் மூடி போட்டு உறை செய்துகொண்டோம். கடையில் விற்கும் உறைக்குக் கேட்ட காசு அநியாயம்.

அடுத்து பூட்ஸ். ஈட்டிக்கென்று செய்த பூட்ஸில் குதிகாலிலும் ஆணி இருக்கும். வலக்கைக்காரனின் இடது கால்தான் கடைசியில் ஊன்றி உடம்பு முழுவதையும் நிறுத்துகிறது. சிந்தெட்டிக் தளத்தில் ஈட்டிக்கு 12 மில்லிமீட்டர் வரை ஆணி அனுமதி. மகனின் ஜோடியைக் கவிழ்த்துப் பார்த்தால் அவன் எறிவதே அதில் தெரியும்: இடது குதியில் ஆணித் துளைகள் தளர்ந்திருக்கின்றன, வலது காலில் பெருவிரல் பக்கம் இழுபட்டுத் தேய்ந்து உள்துணி எட்டிப் பார்க்கிறது. அந்தத் தேய்மானம் நல்ல அறிகுறிதான், பின்னங்கால் துள்ளாமல் இழுபடுகிறது என்று அர்த்தம். ஆனால் வளரும் பிள்ளைக்கு இந்த விலையில் பூட்ஸ் வாங்குவது மனதை உறுத்தும். கால் வளர்வது நிற்கும் வரை சாதாரண ஆணிக் காலணியே போதும், முழு வேகத்தில் ஓடிவந்து ஊன்றி எறியாமல் இருந்தால்.

முழங்கை விஷயத்தில் நான் கறார். உள்பக்கத்து மூட்டுநாண்தான் ஈட்டி எறிபவர்களுக்கு முதலில் பேசும். வளரும் வயதில் எலும்பின் வளர்ச்சித் தட்டும் அங்கேதான் இருக்கிறது. ஈட்டியை முழு வேகத்தில் எறிவது வாரத்தில் சில எறிகள். மீதி எல்லாம் கனப்பந்து, ஓட்டம், குறுக்குக்கால் அடி, நின்ற இடத்திலிருந்து புல்லில் குத்துவது. சின்னப் பிள்ளைகளுக்கு ரப்பர் முனை போட்ட 300, 400 கிராம் பிளாஸ்டிக் ஈட்டி கிடைக்கிறது. அதிலேயே ஒரு வருடம் ஓட்டலாம்.

எறிய இடம் கிடைப்பதுதான் உண்மையான தலைவலி. எந்த அரங்கம் என்று சொல்லப்போவதில்லை, ஒன்றில் புல் கெட்டுவிடும், பந்து விளையாட்டு இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். எறியும் பகுதி 29 பாகைக்குச் சற்றுக் குறைவான விரிவுதான், ஆனால் மாலை நேரத்தில் அதற்குள் நடைப்பயிற்சிக்காரர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். ஒருவர் காவல் நிற்காமல் நாங்கள் எறிவதில்லை.

ஒரே ஈட்டியை இத்தனை காலம் வைத்திருக்கிறாயே என்று கேலி செய்பவர்களுக்கு நான் பாகிஸ்தானின் அர்ஷத் நதீமைக் காட்டுவேன். ஏழெட்டு வருடமாக ஒரே சர்வதேசத் தர ஈட்டியோடு இருந்ததாகவும், அது பழுதாகிவிட்டதாகவும் அவர் 2024-இல் சொன்னபோது, புதிது ஒன்று கிடைக்க வேண்டும் என்று அவருக்காகப் பேசியவர்களில் இந்தியாவின் நீரஜ் சோப்ராவும் ஒருவர். அதே ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் நதீம் 92.97 மீட்டர் எறிந்து தங்கம் வாங்கினார், நீரஜுக்கு 89.45-இல் வெள்ளி. கென்யாவின் ஜூலியஸ் யேகோ யூடியூப் பார்த்துக் கற்று 2015-இல் உலகச் சாம்பியன் ஆனவர். பொருள் குறைவாக இருப்பதால் மட்டும் யாரும் நின்றுவிடவில்லை. பொருந்தாத பொருளோடு மல்லுக்கட்டினால்தான் நேரம் போகிறது.

மகன் அடுத்து 20 வயதுக்குட்பட்ட பிரிவுக்குப் போகிறான். அங்கே 800 கிராம், 260 செண்டிமீட்டருக்கு மேல். கடைக்காரரிடம் 800-இல் 60 வந்தால் சொல்லுங்கள் என்று கைப்பேசி எண் கொடுத்திருக்கிறேன். 70 கையிருப்பில் இருக்கிறது, உடனே எடுத்துக்கொள்ளலாம் என்கிறார். வேண்டாம், காத்திருக்கிறேன் என்றேன். மைவியில் அது அடங்குமா என்று குழாயை நீட்டி அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது.