ஆச்சிக்குத் தொடை சூம்பினால் ‘சத்து டிரிப்ஸ்’ ஏற்ற விடாதீங்க

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் 72 வயது ஆச்சி, எடை 50 கிலோ. நிமோனியாவுக்கு 10 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தார். காய்ச்சல் போய்விட்டது, கட்டிலை விட்டு எழத்தான் முடியவில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் ‘ஓய்வு’ என்று மட்டும் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு வீடு தேடி வந்த ஆள், 21 நாள் ‘பெலன் பேக்கேஜ்’ என்று முழுப் பணத்தையும் முன்னதாகவே வாங்கிக்கொண்டார். ஒருநாள் விட்டு ஒருநாள் மஞ்சள் டிரிப்ஸ், இரண்டு டப்பா புரோட்டீன் பவுடர், தினமும் எண்ணெய் தேய்த்து, தசை துடிக்க மெஷினால் லேசாகக் கரண்ட் வைப்பது. 21 நாள் முடிந்தும் ஆச்சியை இரண்டு பேர் தூக்கித்தான் உட்கார வைத்தார்கள். கேட்டதற்கு, “வயசாயிட்டுல்லா, இனி இப்படித்தான் இருக்கும்” என்றாராம்.

வயது மட்டும் காரணம் இல்லை. நல்ல ஆரோக்கியமான முதியவர்களையே 10 நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஆய்வில், கால்களில் மட்டும் கிட்டத்தட்ட 1 கிலோ தசை குறைந்தது. நோயோடு படுத்தால் இன்னும் வேகம்: உடம்பில் அழற்சி தசையைக் கரைக்கும், வாய்க்கு உணவு பிடிக்காது, காலுக்கு வேலையும் இருக்காது. இளவயதுக்காரருக்குப் போதுமான புரதம் முதியவரின் தசையைத் தூண்டவும் போதாது. சாப்பாடு கூட வேண்டும், காலுக்குப் பாரமும் வேண்டும். ஆச்சிக்கு அந்த 21 நாளில் இரண்டுமே கிடைக்கவில்லை.

விற்றதைப் பாருங்கள். டிரிப்ஸாக ஏற்றும் 500 மில்லி 5% டெக்ஸ்ட்ரோஸ் பாட்டிலில் 25 கிராம் சர்க்கரை, சுமார் 100 கலோரி. புரதம் துளியும் இல்லை. மஞ்சள் நிறம் அதில் கலந்த பி வைட்டமின் ஊசியால் வருவது. சர்க்கரை நோயாளிக்கு அது சர்க்கரையை ஏற்றும், இதயமோ சிறுநீரகமோ பழுதானவருக்கு நீர் கோத்துக்கொள்ளும். பவுடர் டப்பாவின் பின்பக்கம் 100 கிராமில் 30 கிராம் புரதம் என்றிருந்தால், 20 கிராம் பவுடரில் 6 கிராம். ஒரு முட்டை அவ்வளவுதான். கரண்ட் வைப்பதற்கும் இடம் உண்டு: தானாகத் தசையை அசைக்க முடியாதவருக்கு. பிடித்துக்கொண்டாவது நிற்கக்கூடியவருக்கு அது உடற்பயிற்சிக்கு ஈடாகாது.

ஊசி போட்ட மறுநாளே ஆள் துள்ளி எழுந்தால் சந்தோஷப்படாதீங்க, என்ன மருந்து என்று கேளுங்கள். ஸ்டீராய்டு முதலில் தெம்பு காட்டும். தொடர்ந்து போட்டால் தொடைத் தசையைத்தான் தின்னும்.

நோயிலிருந்து எழுபவருக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். ஆச்சிக்கு நாளைக்கு 60 முதல் 75 கிராம், வேளைக்கு 20 கிராமுக்குக் குறையாமல். கஞ்சியும் ரசஞ்சோறும் அதில் பாதியைக்கூடத் தொடாது. காலையில் இரண்டு இட்லி, இரண்டு முட்டை, ஒரு தம்ளர் பால். மதியம் நம்ம ஊர் உளுந்தம்பருப்புச் சோறு: 40 கிராம் தொலி உளுந்து, 60 கிராம் அரிசி, கூட ஒரு முட்டை. ராத்திரி முள் நீக்கிய சாளை மீன் 100 கிராம். மீன் சாப்பிடாத வீட்டில் பருப்பு, தயிர், பொரிகடலை கூட்டிப் பாருங்கள். சிறுநீரக நோய் இருந்தால் மட்டும் டாக்டரிடம் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

பயிற்சிக்கு கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று போதும். சுவரோடு ஒட்டிப் போட்டு, பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். எழ முடியவில்லை என்றால் மடித்த ஜமக்காளத்தைப் போட்டு இருக்கையை உயர்த்துங்கள். 5 தடவை எழுந்து, ஒவ்வொரு முறையும் மூன்று எண்ணும்வரை மெதுவாக உட்கார வேண்டும். நாளைக்கு மூன்று வேளை. எளிதானால் 8, பிறகு 10, பிறகு ஜமக்காளத்தை எடுத்துவிடலாம். வெறுமனே வராண்டாவில் நடப்பது நல்லதுதான், ஆனால் தொடையை மீட்க அது மட்டும் பத்தாது. எத்தனையோ வீட்டில் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆனவருக்கு அந்தக் காலில் எவ்வளவு பாரம் கொடுக்கலாம் என்று அறுவை செய்த டாக்டரிடம் கேட்டுத்தான் தொடங்க வேண்டும்.

முன்னேற்றத்தை நீங்களே அளக்கலாம். கையைக் கட்டிக்கொண்டு 5 முறை எழுந்து உட்கார 12 நொடி அல்லது அதற்கு மேல் ஆனால் கால் பலவீனம். வாரம் ஒருநாள் காலண்டரில் குறியுங்கள். கெண்டைக்கால் சுற்றளவு பெண்களுக்கு 33 செ.மீ., ஆண்களுக்கு 34 செ.மீ.க்குக் கீழே போனாலும் கவனிக்க வேண்டும்; கால் வீங்கியிருந்தால் டேப் அளவை நம்ப முடியாது.

வீட்டுக்கு வருபவரிடம் பணம் கொடுக்குமுன் கேளுங்கள்: 5 முறை எழுந்து உட்கார இன்று எத்தனை நொடி, இரண்டு வாரத்தில் எத்தனை எதிர்பார்க்கிறீர்கள்? எண் சொல்லத் தெரியாதவருக்கும், முழு நேரமும் நோயாளியைப் படுக்கவைத்தே வேலை பார்ப்பவருக்கும் முன்பணம் வேண்டாம். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி இலவசமாகச் செய்கிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுங்கள்.

ஒரு காலின் கெண்டை மட்டும் திடீரென வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ரத்தக்கட்டியாக இருக்கலாம். அந்தக் காலில் எண்ணெய் போட்டு நீவ யாரையும் விடாதீங்க.