கோயிலுக்குள் எச்.டி.ஆர். எடுக்க வருகிறார்களா? கிளிக்கை எண்ணுங்கள்

யாங்கோனில் இருக்கும் நம் ஆட்கள், அதிலும் கோயில் கமிட்டியில் இருப்பவர்கள், இதைப் படித்துவிட்டுப் புகைப்படக்காரருக்கு அட்வான்ஸ் கொடுங்கள். எச்.டி.ஆர். என்பது ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்ச அளவில் பல கிளிக் எடுத்து, பிறகு ஒன்றாகச் சேர்ப்பது. எங்கள் கோயிலுக்கு இரண்டு லட்சம் கியாட் போனது. பணம் போனதுகூடப் பெரிதில்லை.

2025 மார்ச் 28 நிலநடுக்கம் எங்களை லேசாக ஆட்டிவிட்டுப் போய்விட்டது. மண்டலே, சகாயிங் பக்கம் மாதா கோயில், பள்ளிவாசல், பகோடா என்று பார்க்காமல் சரித்தது. அந்தப் படங்களைப் பார்த்த பிறகுதான் எங்கள் ஃபாதர் கேட்டார்: "நம்ம கோயில் உள்ளே எப்படி இருந்ததுன்னு காட்ட ஒரு நல்ல படமாவது இருக்கா?" இல்லை. திருவிழாப் படமும் கல்யாணப் படமும் மூட்டை மூட்டையாக இருக்கின்றன. எல்லாவற்றிலும் முன்னால் ஆட்கள் நிற்க, பின்னால் பீடம் மங்கலாகத் தெரியும். மழைத் தண்ணீர் இறங்கிய சுவர்களைப் பூசி வர்ணம் அடிக்க ஏற்கெனவே முடிவு செய்திருந்தோம். பீடத்துக்கு மேலே இருக்கும் பழைய நீல வர்ணமும் அதில் வரைந்த நட்சத்திரங்களும் அத்தோடு போய்விடும். அதற்குள் எடுத்தாக வேண்டும்.

தெரிந்தவர் மூலம் ஒரு ஸ்டுடியோத் தம்பி வந்தார். "அண்ணே, உள்ளே இருட்டு, ஜன்னல்ல வெயில். சாதாரணமா எடுத்தா ஒண்ணு ஜன்னல் வெளுத்துடும், இல்லேன்னா பெஞ்சு கறுத்துடும். எச்.டி.ஆர்.லதான் எடுக்கணும்" என்றார். அவர் சொன்னது சத்தியமான உண்மை. அதனால்தான் ஏமாந்தோம். போனில் செயின்ட் மேரீஸ் பேராலயத்தின் உள்படம் ஒன்றைக் காட்டினார், பிரமாதமாக இருந்தது. அது அவர் எடுத்ததுதானா என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நான்கு லட்சம் பேசி, பாதியைக் கையில் கொடுத்தோம்.

கரண்ட் இருக்கும் நேரம் பார்த்து நாள் குறித்தோம். கேமரா முக்காலி எல்லாம் கொண்டுவந்தார். நடுப்பாதையில் வைத்தார், ஒரு கிளிக். பீடத்தண்டை ஒரு கிளிக். பாடகர் மாடியில் ஏறி ஒரு கிளிக். அரை மணி நேரத்தில் மூட்டை கட்டிவிட்டார். நான் பக்கத்திலேயே டீ டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். வேலை சுறுசுறுப்பு என்று மெச்சியவனும் நானே.

பத்து நாள் கழித்துப் படங்கள் வந்தன. ஜன்னல் கண்ணாடியில் இருக்கும் அந்தோணியாரைக் காணோம். அந்த இடத்தில் சாம்பல் நிற அட்டையை வெட்டி ஒட்டினாற்போல் ஒரு தட்டை. ஜன்னலைச் சுற்றிச் சுவரில் கரி பூசின மாதிரி ஒரு வளையம். வெள்ளைச் சுவர் அழுக்குத் துணி. மஞ்சள் பல்பு விழுந்த மாதா சுரூபத்தின் முகம் பழுத்த பப்பாளி நிறம். முக்கியமாக அந்த நீலம், கத்தரிக்காய் ஊதாவாகிவிட்டது. பெஞ்சுகளுக்கு அடியில் சிவப்பும் பச்சையுமாகப் பொடி தூவினாற்போல் புள்ளிகள். கேட்டதற்கு, "எச்.டி.ஆர்.னா இப்படித்தான்ணே இருக்கும்" என்றார்.

என் அக்கா மகன் இந்த வேலை கொஞ்சம் தெரிந்தவன். கோப்புகளைத் திறந்ததும் முதலில் படத்தைப் பார்க்கவில்லை, எண்ணைப் பார்த்தான். 412 நடுப்பாதை, 413 பீடம், 414 மாடி. "மாமா, எச்.டி.ஆர். எடுத்திருந்தா ஒவ்வொரு இடத்துக்கும் மூணோ அஞ்சோ நம்பர் தாண்டியிருக்கணும்" என்றான். அடுத்து உள்விவரத்தைக் காட்டினான்: ஐ.எஸ்.ஓ. (கேமரா வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்ற அளவு, கூட்டினால் புள்ளி விழும்) 3200, ஷட்டர் திறந்திருந்த நேரம் 1/60 நொடி. முக்காலியில் கேமரா அசையாதே, ஷட்டரை அதிக நேரம் திறந்து வைத்தால் போதுமே; முக்காலி வைத்தவன் எதற்காக 3200 போடுகிறான்? கையில் பிடித்தே எடுத்திருக்கலாம். முக்காலி எங்களுக்குக் காட்ட வந்திருக்கிறது.

அவன் சொன்ன முறை இது. கேமரா அசையக் கூடாது. ஐ.எஸ்.ஓ. 100, அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு) எஃப் 8 என்று நிறுத்திவிட்டு ஷட்டரை மட்டும் மாற்ற வேண்டும்: 1/60, 1/15, 1/4, 1 நொடி, 4 நொடி. முதல் படத்தில் ஜன்னல் கண்ணாடியின் நிறம் விழும், கடைசிப் படத்தில் பெஞ்சுக்கு அடியில் இருக்கும் தரை தெரியும். பிறகுதான் கம்ப்யூட்டரில் ஐந்தையும் சேர்ப்பது. எங்கள் ஆள் ஒரே ஒரு ஜேபெக் (கேமராவே சுருக்கித் தரும் சாதாரணப் படக் கோப்பு) எடுத்து, போனில் எல்லோரும் போடுகிற மாதிரி ஒரு ஃபில்டரைப் போட்டிருக்கிறார். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிதான். வெளுத்துப்போன இடத்தில் ஒன்றுமே பதிவாகவில்லை. இல்லாததை எந்த சாஃப்ட்வேர் இழுத்து வரும்? அதனால்தான் அந்தச் சாம்பல் அட்டை.

ஒரே ரா கோப்பிலிருந்து (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) இருட்டுப் பகுதியைத் தூக்கிக் காட்டுகிறவர்களும் உண்டு, அதைக் குறை சொல்லவில்லை. குறைந்த ஐ.எஸ்.ஓ.வில் இன்றைய கேமராக்கள் அதற்கு நன்றாகவே இடம் கொடுக்கும். ஆனால் அதை அப்படியே சொல்லிவிட்டு எடுங்கள். எச்.டி.ஆர். என்று பேசி நான்கு லட்சம் கேட்காதீர்கள்.

ஒரிஜினல் கோப்புகளைக் கொடுங்கள் என்றோம். கார்டை ஃபார்மட் செய்துவிட்டாராம். சரி, வந்து திரும்ப எடுங்கள் என்றால், அதற்குத் தனி சார்ஜ்! இனி யாரோடு பேசினாலும், சேர்க்காத ஐந்து படங்களையும் ராவாகவே தர வேண்டும், மீதிப் பணம் அதன் பிறகுதான் என்று எழுதி வாங்குவதாகக் கமிட்டியில் முடிவு செய்திருக்கிறோம்.

இத்தனை இழுபறிக்குள் பீடத்துப் பக்கம் சாரம் கட்டி முதல் கோட் அடித்தாகிவிட்டது. நீலமும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. சூசையப்பர் பக்கச் சுவர் மட்டும் மிச்சம் இருந்தது. அக்கா மகன் ஒரு சனிக்கிழமை மத்தியானம் மின்விசிறிகளை நிறுத்தி, கதவைச் சாத்தி, பூட்ஸ் சத்தம்கூடக் கூடாது என்று என்னை ஓரமாக உட்காரவைத்து எடுத்தான். ஐந்து கிளிக், எண்ணினேன். ஜன்னலில் சூசையப்பர் கையில் இருக்கும் லீலி மலரின் வெள்ளையும் தெரிகிறது, கீழே பெஞ்சில் யாரோ ஆணியால் கீறின சிலுவையும் தெரிகிறது.

மீதி இரண்டு லட்சம் எப்போது என்று ஸ்டுடியோவிலிருந்து நேற்றும் போன் வந்தது.