பாட்டில் வார்மர்: ஓராண்டு ஓடிய பிறகு

பாட்டிலில் உள்ள தாய்ப்பாலை வெதுவெதுப்பாக்கும் இந்த வார்மரின் திரையில் 40 டிகிரி என்று காட்டினால் அது சுற்றியிருக்கும் தண்ணீரின் சூடு, பாலின் சூடு இல்லை. ஓராண்டுக்கு மேல் தினமும் நாலைந்து தடவை ஓடிய வார்மரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது இதுதான். பிரிட்ஜிலிருந்து எடுத்த 120 மில்லி பாலுக்கு அகலமான கண்ணாடிப் பாட்டிலில் ஒரு கணக்கு, ஒல்லியான பிளாஸ்டிக் பாட்டிலில் வேறு கணக்கு. பெட்டியில் அச்சிட்ட நிமிடங்களை நம்பாமல், பாட்டிலைச் சுழற்றிவிட்டு மணிக்கட்டின் உட்புறத்தில் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது. சுழற்றாமல் கொடுத்தால், மேலே ஏடாக ஒதுங்கிய கொழுப்பு பாட்டில் சுவரிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும்.

தண்ணீர் பால் மட்டம் வரை போதும். கழுத்தைத் தாண்டினால் மூடியின் மரை வழியாக உள்ளே கசியும். சூடாக்கும்போது நிப்பிளை மாட்டாமல் தட்டை மூடி போடுவது நல்லது.

பலரும் காசு கொடுத்து வாங்குவது 'சூடு காக்கும்' வசதிக்காக. தாய்ப்பாலுக்கு அதைத் தொடவே வேண்டாம். வெதுவெதுப்பான பால் கிருமிகளுக்கு நல்ல விளைநிலம். சூடாக்கிய பாலை 2 மணி நேரத்துக்குள் கொடுத்து முடிக்க வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். குளிரோடே குடிக்கிற பிள்ளைக்குச் சூடாக்கவே தேவையில்லை என்பதையும் சொல்லிவிடலாம்.

கறந்த பால் வெளியே 4 மணி நேரம் தாங்கும் என்பது 25 டிகிரி வரைக்கும் உள்ள கணக்கு. கோலாலம்பூர் மதியத்தில் ஏர்கோன் இல்லாத அறை 30-ஐத் தாண்டும், அங்கே அந்தக் கணக்கு செல்லாது. அலுவலகத்திலிருந்து எல்ஆர்டி ரயிலில் வரும்வரை பால் ஐஸ் கட்டிப் பையிலேயே இருக்கட்டும்.

உறைந்த பாலை வார்மரின் உச்சச் சூட்டில் வைத்தால் ஓரம் கொதிக்கும், நடுவில் ஐஸ் நிற்கும். முந்தின இரவே பிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றினால் மறுநாள் சுலபம். முழுதாகக் கரைந்த பிறகு பிரிட்ஜில் 24 மணி நேரம்தான், மறுபடி உறைய வைக்கக்கூடாது. மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம்: பாட்டில் சில்லென்றிருக்க, உள்ளே ஒரு பக்கம் மட்டும் வாயைச் சுடும் அளவுக்குக் கொதித்திருக்கும். தாஸ்கா என்னும் குழந்தைக் காப்பகத்திலோ பிள்ளை பார்க்கும் அக்காவிடமோ இதை எழுதியே கொடுத்துவிடுங்கள்.

கரெண்ட் போனால் கிண்ணம் இருக்கிறது. கொதித்த தண்ணீர் 1 குவளை, குழாய்த் தண்ணீர் 2 குவளை கலந்தால் சுமார் 50 டிகிரி வரும். முதலில் கலந்துவிட்டு, அப்புறம் பாட்டிலை இறக்கவும். தண்ணீர் ஆறியதும் ஒருமுறை மாற்றினால் பெரும்பாலும் போதும். உண்மையில் பகல் நேரத்துக்கு இதுவே தாராளம். வார்மர் அருமை தெரிவது விடியற்காலை 3 மணிக்குத்தான்.

பராமரிப்பில்தான் சோம்பல் வரும். தொட்டித் தண்ணீரை நாள்தோறும் கொட்டித் துடைக்காவிட்டால் அடியில் வழவழப்பு பிடித்து நாறும். வெப்பத்தட்டில் வெள்ளைப் படிவு தெரிந்தால் சூடேறும் நேரம் நீளும். பிளக்கைக் கழற்றி, வெள்ளை வினிகரைத் தண்ணீரில் கலந்து ஊற்றி அரைமணி ஊறவிட்டுத் தேய்த்தால் போய்விடும். கத்தியால் சுரண்டினால் தட்டின் பூச்சு பெயரும்.