நிறத்தை மட்டும் பார்த்து முடிவு சொல்லாத கப்பலூர் பட்டறை

சூடேறிப் பழுதான பேரிங், ஷாஃப்ட், பல்சக்கரம் போன்றவற்றைச் சோதித்து, மீண்டும் பொருத்தலாமா கூடாதா என்று சொல்லும் சிறு பட்டறை ஒன்று மதுரையை அடுத்த கப்பலூர் தொழிற்பேட்டையில் இயங்குகிறது. எங்கள் அரிசி ஆலையில் கொதித்து நின்றுபோன இயந்திரத்தின் உதிரிகளை அங்கேதான் கொடுத்தேன்.

"எமரித் தாள் போட்டுத் தேய்த்தீர்களா?" என்பதே அவர்கள் கேட்ட முதல் கேள்வி. எஃகு காற்றில் சூடாகும்போது அதன் மேல் படியும் மிக மெல்லிய ஆக்சைடு படலத்தில் ஒளி பட்டுத் திரும்புவதால்தான் நிறம் தோன்றுகிறது. படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறுகிறது. சாதாரண கார்பன் எஃகு ஏறத்தாழ 220 பாகை செல்சியஸில் வெளிர் வைக்கோல் நிறமும், 255-ஐ ஒட்டிப் பழுப்பும், 280-இல் கத்தரிப்பூ நிறமும், 300-ஐ நெருங்கும்போது நீலமும் கொள்ளும். ஆறிய பிறகும் இந்த நிறம் நிலைத்திருக்கும். தேய்த்துவிட்டால் தடயம் போய்விடும், ஆனால் சூட்டால் இழந்த கடினம் திரும்பாது. பளபளவென்று வரும் உதிரியை அவர்கள் ஐயத்தோடு பார்ப்பது அதனால்தான்.

எங்கள் பேரிங்கின் வெளிவளையம், உள்வளையம் இரண்டிலும் கறை இருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்ததும் வெளிவளையத்தின் பழுப்பு நீங்கிவிட்டது. அது கருகிய கிரீஸின் கறை. உள்வளையத்தின் கத்தரிப்பூ நிறமோ அசையவில்லை. பேரிங் எஃகைக் கடினமாக்கிய பின் பொதுவாக 200 பாகைக்குக் கீழேதான் மீண்டும் சூடாக்கிப் பதப்படுத்துவார்கள், அதைத் தாண்டிச் சூடேறினால் கடினம் குறையும் என்பதால் அந்த நிறமே போதிய எச்சரிக்கைதான் என்றாலும், அதோடு நிறுத்தாமல் கடினமானியிலும் வைத்துப் பார்த்தார்கள். எஃகின் கடினத்தைக் குறிக்கும் ராக்வெல் சி அளவில் 60-ஐ ஒட்டி இருக்க வேண்டியது 55-க்கு இறங்கியிருந்தது. இந்தப் பொறுமைக்காகவே பட்டறையைப் பாராட்டலாம்.

குறைகளும் உண்டு. சுவரில் தொங்கும் நிற அட்டவணை கார்பன் எஃகுக்கு உரியது என்ற குறிப்பு அதில் இல்லை. ஸ்டெயின்லெஸ் எஃகு புஷ் (ஷாஃப்டைத் தாங்கும் குழல் போன்ற உதிரி) ஒன்றின் வைக்கோல் நிறத்தை அங்கிருந்த இளைஞர் அதை வைத்தே 220 என்று சொல்ல, மூத்த மெக்கானிக் வந்து திருத்தினார். குரோமியம் மிகுதியாகக் கலந்த ஸ்டெயின்லெஸ் எஃகில் படலம் மெதுவாக வளர்வதால் வைக்கோல் நிறத்துக்கே 300 பாகையை ஒட்டிய சூடு வேண்டும், நீலத்துக்கு 500-ஐத் தாண்ட வேண்டும். அறிக்கையில் "280 பாகை" என்று ஒற்றை எண்ணை எழுதித் தருவதும் சரியல்ல. குறைந்த சூட்டில் நெடுநேரம் இருந்தாலும் அதே நிறம் வரும் என்பதால், வரம்பாகக் குறிப்பதே நேர்மை.

கடினச் சோதனைக்குத் தனிக் கட்டணம். அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். உள்ளே டியூப்லைட் வெளிச்சத்தில் வைக்கோல் நிறத்தைப் பிரித்தறிவது கடினம் என்பதால், பகலில் சென்று உதிரியை வாசலில் வைத்துப் பார்க்கச் சொல்வது நல்லது.