வாரம் முழுக்க நிற்கும் 328ஐ காருக்கு எந்த பேட்டரி?

என்னிடம் இருப்பது பிஎம்டபிள்யூ 328ஐ, எஃப்30 தலைமுறை. 2 லிட்டர் டர்போ, 245 குதிரைத்திறன். கோவையில் வாரநாட்களில் அது போர்டிகோவை விட்டு நகராது. ஞாயிறு காலை பாலக்காடு ரோடு, எப்போதாவது செட்டிபாளையம் காரி ரேஸ் டிராக், அவ்வளவுதான். நாலு மாதம் முன்பு மூன்று வாரம் வெளியூர் போய்விட்டுத் திரும்பி ரிமோட்டை அழுத்தினேன், கதவே திறக்கவில்லை. பேட்டரி சுத்தமாக இறங்கியிருந்தது.

மாற்ற மூன்று வழி இருந்தது: சாதாரண லெட் ஆசிட், ஏஜிஎம் (அதுவும் லெட் ஆசிட்தான், ஆனால் அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சவைத்து மூடி சீல் வைத்த வகை), லித்தியம். நான் போட்டது ஏஜிஎம்.

சாதாரண பேட்டரி கிட்டத்தட்ட பாதி விலைக்குக் கிடைக்கும். இறங்கிப்போனதும் அதுதான், ஒரு கடையில் போட்டு 14 மாதம்கூட ஆகவில்லை. இந்தக் காரில் சிக்னலுக்கு சிக்னல் இன்ஜின் அணைந்து மறுபடி எழும். அந்த வேலைக்கு அது தாங்காது. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

லித்தியம்தான் ஆசை காட்டியது. 90 ஏஹெச் (ஆம்பியர்-மணி, பேட்டரி எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்ற அளவு) ஏஜிஎம் ஏறக்குறைய 26 கிலோ. டிக்கியின் ஓரத்திலிருந்து அதைத் தூக்கி எடுத்தவர்களின் இடுப்புக்குத் தெரியும். லித்தியத்தை ஒரு கையால் தூக்கிவிடலாம். போர்ஷே 2009 கடைசியிலேயே 911 ஜிடி3 காருக்கு 6 கிலோ லித்தியம் பேட்டரியை விருப்பத் தேர்வாக அறிவித்தது. கடுங்குளிருக்கென்று வழக்கமான பேட்டரி ஒன்றையும் கூடவே கொடுத்தார்கள். நமக்குக் குளிர் ஒரு பிரச்சினையே இல்லை. பிறகு ஏன் வேண்டாம் என்றேன்?

கார் நிற்கும்போது என்ன நடக்கிறது என்று அளந்து பார்த்ததால்தான். டிக்கியைத் திறந்து வைத்து, அதன் பூட்டை ஸ்க்ரூடிரைவரால் தட்டி மூடினால் கார் டிக்கி மூடியிருப்பதாக நினைத்துக்கொள்ளும். காரை லாக் செய்துவிட்டு கிளாம்ப் மீட்டரை நெகட்டிவ் ஒயரில் மாட்டினேன். முதலில் பல ஆம்பியர் காட்டியது. அரை மணி நேரத்தில் ஒவ்வொரு கம்ப்யூட்டராகத் தூங்கப்போய், கடைசியில் 40 மில்லி ஆம்பியரில் நின்றது. இது பழுது இல்லை, இப்படிப்பட்ட கார்களில் இயல்பு. ஆனால் கணக்குப் போடுங்கள்: ஒரு நாளைக்கு சுமார் 1 ஏஹெச். 90 ஏஹெச் ஏஜிஎம்மில் 20 நாளுக்கு 19 போகும், மீதி தாராளம்.

லித்தியத்தில் கவனிக்க வேண்டியது இதுதான். பல ஸ்டார்ட்டர் பேட்டரிகளில் எழுதியிருக்கும் ஏஹெச், 'லெட் பேட்டரிக்குச் சமம்' என்ற கணக்கில் வருவது. செல்ஃப் அடிக்கும் வேகத்தில் அது சரி. உள்ளே உண்மையில் இருப்பது அதில் மூன்றில் ஒரு பங்காகக்கூட இருக்கலாம். 90 என்று எழுதியதில் 30 இருந்தால், ஒரு மாதத்தில் என் கார் அதைத் துடைத்துவிடும். அதற்குள் பாதுகாப்பு சர்க்யூட் பேட்டரியைத் துண்டித்துவிடும். வாங்குவதென்றால் உண்மையான ஏஹெச் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள்.

எடைக் குறைப்பும் ஒன்றரை டன் காரில் ஒரு சதவீதம் சொச்சம்தான். அதுவும் முன்பின் எடை சமமாக இருக்க வேண்டும் என்று பிஎம்டபிள்யூ பின்னால் வைத்த எடை. டிராக்குக்கு மட்டுமே போகும் கார் என்றால் என் பதில் மாறும். நண்பர் ஒருவரின் அப்படிப்பட்ட காரில் லித்தியம் ஒரு நாள் முழுக்க அருமையாக வேலை செய்ததைப் பார்த்தேன். நேரில் பார்த்த அனுபவம் அந்த ஒரு நாள்தான்.

எதைப் போட்டாலும் புது பேட்டரியை காரின் கம்ப்யூட்டரில் பதிவு செய்யச் சொல்லுங்கள். செய்யாவிட்டால் பழைய பேட்டரிக்கு ஏற்றமாதிரியே சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும். போன தடவை எனக்கு இதைச் செய்து தரவில்லை, கேட்க எனக்கும் தெரியவில்லை. சாதாரணத்திலிருந்து ஏஜிஎம்முக்கு மாறினால் கம்ப்யூட்டரில் பேட்டரி வகையையும் மாற்ற வேண்டும். அப்புறம் ஏஜிஎம் மோடு உள்ள சார்ஜர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கண்டபடி வோல்ட் ஏற்றும் பழைய சார்ஜர் ஆகாது. ஏஜிஎம் உள்ளே காய்ந்தால் தண்ணீர் ஊற்ற வழியில்லை.

போன வாரம் 18 நாள் கழித்து காரைத் திறந்தேன். மீட்டரில் 12.5 வோல்ட். முதல் அழுத்திலேயே கிளம்பியது.